ஆளுக்கு ஒரு கரண்டி

பதுளைக் கடைத்தெருவில் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். வைத்தியப் படிப்புக்குப் போக எதற்கு ஒரு பரீட்சை, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று நாலு பெரிய மனிதர் எழுதிக் கொடுத்தால் போதாதா என்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். அவர்களைவிடக் கோபமாகவே பேசினேன். அந்தப் பரீட்சையில் ஒருமுறை தவறியவன் நான். அது எதற்காக என்று எனக்குத் தெரியவந்த விதத்தை மாத்திரம் இங்கே எழுதுகிறேன். நான் ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் போனவன். அந்த அளவுக்குத்தான் என் எழுத்தும் இருக்கும்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் அங்கே சில்லறைக் கங்காணி. என்னைப் பதுளைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் விட்டு இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வைத்தார். போத்தல் மேல் எழுதியிருப்பதை வாசிப்பேன். துரை மெதுவாகப் பேசினால் விளங்கும். அதற்குமேல் இல்லை.

எனக்கு முன்னால் மருந்துக் காம்பராவில், அதாவது மருந்து அறையில், இருந்தவர் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். முதுகுவலி வந்து அடுப்படியில் நிற்க முடியாமல் போகவே, அப்போதைய துரை ஒரு கடிதம் எழுதி அவரை மருந்துக்காரராக்கிவிட்டார். அவர் இந்தியாவில் தம் ஊருக்குத் திரும்பிப் போனபோது எனக்கும் அதேபோல் ஒரு கடிதம் கிடைத்தது. அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போன வைத்தியம் முழுக்கச் சமையல் பாஷையில்தான் இருந்தது. காய்ச்சல் மருந்துக்கு ஒரு வாளித் தண்ணீர். அதில் கொயினாத் தூள் இத்தனை கை. தூள் கரைவதற்குப் புளிப்பு மருந்து கொஞ்சம். நாக்கில் தொட்டு வைத்தால் தலை ஒருதரம் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் பதம் சரி. சிலிர்க்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தூள்.

மருந்து அளக்கக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று இருந்தது. நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் அது கைதவறி உடைந்தது. வேறு வரவழைக்க வேண்டுமென்று பெரிய கங்காணியிடம் சொன்னேன். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குப் பானகம் ஊற்றுகிற பித்தளைக் கரண்டியை எடுத்துவந்து கொடுத்தார். அம்மன் கரண்டி, கைராசியாக இருக்கும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. காலையில் விபூதி பூசி, அந்தக் கரண்டியைக் கழுவி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் கதிர்காமத்தோடு சேர்ந்து வரும். ஆடி மாதம் கொடியேற்றத்துக்குத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஆட்கள் புறப்படுவார்கள். பசறை இறங்கி, மொனராகலை, புத்தல என்று காட்டு வழியாக நடந்து, முருகனைக் கும்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புவார்கள். வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் குளிர் எடுக்கும். ஒருவருக்கு வந்தால் அந்த லயம் முழுக்கப் பரவும். கதிர்காமம் போகக்கூடாதென்று எந்தத் துரையும் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்னாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே ஆடி முடிந்தால் பத்து நாளைக்குப் பெரட்டிலேயே மருந்து என்று ஓர் ஏற்பாடு. காலையில் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையாக நின்று, பேர் கொடுத்து, வேலைக்குப் பிரிகிறதற்கு முன்னால் நான் வாளியோடு வரிசையில் போவேன். ஒவ்வொருவரும் அண்ணாந்து வாயைத் திறக்க ஒரு கரண்டி ஊற்றுவேன். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் குடிக்கமாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். இது அப்படியில்லை. அம்மன் கரண்டி என்பதால் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஆணோ பெண்ணோ, கிழவனோ கொழுந்து எடுக்க வருகிற சின்னப் பெண்ணோ, எல்லாருக்கும் ஒரு கரண்டி. அதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. தோட்டத்தில் அரிசி போடும்போது ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்குக் குறைந்த அளவு. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. என் தாயார் அந்தக் குறைந்த அளவை முந்தானையில் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மருந்திலாவது அந்த வித்தியாசம் வேண்டாம் என்று நினைத்தேன். கொஞ்சம் குறைத்து ஊற்றினால் ஆட்களும் விடமாட்டார்கள். அந்தக் கங்காணி ஆளுக்கு நிறைய, எனக்குக் குறையவா என்று சண்டைக்கு வருவார்கள். சாமி சன்னிதியில் தீர்த்தம் எல்லாருக்கும் ஒன்று. அதுபோல இதுவும் என்று வைத்துக்கொண்டேன்.

என் மனைவியின் தங்கை அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். கலியாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. கதிர்காமத்துக்கு வேண்டிக்கொண்டாள். ஏழாம் வருஷம் உண்டானாள். நாலு மாதம் இருக்கும்போது ஆடி வந்தது. வேண்டுதலை முடிக்கவேண்டும் என்று கிளம்பினாள். அவள் புருஷன் தடுத்தான், என் மனைவி தடுத்தாள். கேட்கவில்லை. நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பினாள். பிறகு எல்லாரையும்போல அவளுக்கும் காய்ச்சல் கண்டது.

பெரட்டில் மூன்றாம் நாள் மருந்து ஊற்றும்போது அவள் வாயைத் திறக்காமல் நின்றாள்.

“மச்சான், எனக்குக் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க. காது ரெண்டும் அடைச்சுப்போயி ‘ஙொய்’னு கேக்குது. நேத்து நிக்கவே முடியல.”

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியாளுக்குத் தனியாக ஓர் அளவு வைத்திருக்கிறான் என்று பேச்சு வரும் என்று எனக்குத் தோன்றியது.

“எல்லாருக்கும் ஒண்ணுதான் புள்ள. முருகன நெனச்சுக்கிட்டு முழுங்கு,” என்றேன்.

அவள் முழுங்கினாள். ஆறாம் நாள் கரு கலைந்துவிட்டது.

நடந்த அசதி என்றார்கள் எல்லாரும். நானும் அப்படியே நம்பினேன். அவள் காம்பராவுக்குப் போய், முருகன் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான், மனதைத் தேற்றிக்கொள் என்று நானே சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அந்த வருஷம்தான் துரைக்கு ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவன் கொழும்பில் வைத்தியப் பள்ளிக்கூடத்து வகுப்பில் பயின்றவனாக இருக்கவேண்டும். அந்த வகுப்பில் சேர ஒரு பரீட்சை. இத்தனை வருஷம் வேலை பார்த்தவனாக இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும். துரை என்னைக் கூப்பிட்டு, நீ போய் எழுது, சேர்ந்துவிட்டால் படிக்கிற காலத்துக்கும் உன் வீடு உனக்கே, சேராவிட்டால் பாஸ் பண்ணின வேறு ஆளை எடுக்கவேண்டி வரும், அவனுக்கு வீட்டைக் கொடுக்கவேண்டும் என்று சொன்னார்.

வீடு என்று அவர் சொன்னது மருந்துக் காம்பராவை ஒட்டியிருந்த இரண்டு அறை. அதில் ஒரு சன்னல் இருந்தது. கண்ணாடி போட்ட சன்னல். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகளையும் அதன் கீழே உட்கார வைத்துத்தான் தலை வாருவாள். மழை நாளில் அடுப்பு மூட்டினால் புகை அந்த வழியாகப் போகும். லயத்துக்குத் திரும்புவது என்றால் எங்களுக்கு என்ன என்று இதற்குமேல் நான் எழுதவேண்டியதில்லை.

எனக்குக் கோபம். பத்து வருஷத்துக்குமேல் மருந்து கொடுத்தவனை எதற்குப் பள்ளிப் பிள்ளைபோல உட்கார வைப்பது? துரை எழுதித் தந்த கடிதத்தை நான் வாசித்துப் பார்த்தேன். நேர்மையானவன், குடிக்காதவன், தெய்வபக்தி உள்ளவன், கூலியாட்கள் இவனை நம்புகிறார்கள் என்று இருந்தது. எல்லாம் உண்மைதான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு நடந்துவந்து, தெமோதரை, எல்ல என்று மாட்டு வண்டியில் ஏறிப் பண்டாரவளை போய் ரயிலைப் பிடித்தேன். கொழும்பில் பரீட்சை நடந்த கட்டடத்து வாசலில் ஒரு மேசை. அதில் ஒரு கிளார்க்கர். வந்தவர்கள் எல்லாரும் கடிதம் வைத்திருந்தார்கள். துரைமார் கடிதம், பாதிரியார் கடிதம், முதலியார் கடிதம், சிவப்பு அரக்கு முத்திரை போட்ட கடிதம். கிளார்க்கர் ஒன்றையும் பிரிக்காமல் வாங்கி ஒரு சாக்குப் பைக்குள் போட்டார். போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இது தேவையில்லை என்றார். பதிலுக்கு ஒரு நம்பர் எழுதிய துண்டைக் கொடுத்தார். எனக்குப் பதினேழு.

எனக்குப் பின்னால் அப்புத்தளைப் பக்கத் தோட்டத்து ஆள் ஒருவர் நின்றார்.

“என்னத்த எழுதியிருக்கு உங்க துரை?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“எங்க துரையும் அதேதாங்க. குடிக்கமாட்டானாம் நானு. அவரு கையாலதான் எனக்கு ஊத்திக்குடுத்தாரு போன கிறிஸ்மசுக்கு,” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சாக்குப் பை எனக்கு உறுத்தியது. உள்ளே இருக்கிற அத்தனை கடிதத்திலும் அத்தனை பேரும் நல்லவர்கள். பிறகு எப்படி ஆள் எடுப்பது?

எழுத்துப் பரீட்சைத் தாளில் பேர் எழுதக்கூடாது என்றார்கள். தகப்பன் பேர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை, தோட்டமும் இல்லை. பதினேழு என்று எழுதினேன். எனக்கு முன்னால் சப்பாத்துப் போட்ட ஒரு முதலியார் மகன் இருந்தான். அவனுக்கு வைத்த தாளையே எனக்கும் வைத்தார்கள். இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதுவதும், கணக்கும். முருகனை நினைத்துக்கொண்டு எழுதினேன். அது ஓரளவு சரியாகவே வந்தது.

மறுநாள் வாய்ப் பரீட்சை. ஏற்கெனவே மருந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மாத்திரம் அது. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டரும், வயதான யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரும் இருந்தார்கள். கேள்வியெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. எல்லாரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று முன்னால் போய்வந்தவர்கள் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் இங்கிலீஷில் வாசித்தார். நான் முழிக்கவே தமிழில் சொன்னார்.

“ஒரு பெரிய ஆள். ஒரு கர்ப்பிணி. ஆறு வயசுப் பிள்ளை ஒண்டு. மூண்டு பேருக்கும் காய்ச்சல். ஆர் ஆருக்கு எவ்வளவு கொயினா குடுப்பீர்?”

எனக்கு இது தெரிந்த பாடம். நிமிர்ந்து நின்றே சொன்னேன். “மூணு பேருக்கும் ஒரே அளவுங்க. ஆளுக்கு ஒரு கரண்டி.”

“ஏன் அப்பிடி?”

அரிசி அளவைப் பற்றிச் சொன்னேன். ஒருவருக்குக் குறைத்தால் மற்றவர்கள் மனது நோகும் என்பதைச் சொன்னேன். அம்மன் கரண்டியைப் பற்றியும் சொன்னேன். வெள்ளைக்கார டாக்டர் ஏதோ கேட்டார். யாழ்ப்பாணத்து டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நல்ல மனசுதான். உம்முடைய கரண்டியிலை எத்தினை கிரெயின் கொயினா இருக்குது?”

“தெரியாதுங்க.”

“இண்டைக்கு இருந்த அளவு நாளைக்கும் இருக்குமோ?”

“நாக்குல வச்சுப் பாத்துதாங்க கரைக்கிறது.”

அவர் எதையோ குறித்துக்கொண்டார். போகலாம் என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. பரீட்சை செய்கிறவரைத் திருப்பிக் கேட்கலாமா கூடாதா என்று அந்த நேரம் தோன்றவில்லை.

“ஐயா, புள்ளத்தாச்சிக்குக் கூடிப்போனா என்னங்க ஆகும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கரு கலையலாம். காய்ச்சலாலையும் கலையலாம். எதாலை எண்டு மருந்து குடுத்தவனுக்குத் தெரியவேணும். உமக்குத் தெரியாது. அதைப் பாக்கத்தான் இந்த மேசையைப் போட்டிருக்கிறம்.”

வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்புத்தளை ஆள் வந்து எப்படி என்று கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கொழுந்தியாள் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் காலைதான் கண்முன் நின்றது. இரண்டு நாள் கழித்துப் பலகையில் நம்பர் ஒட்டினார்கள். பதினாறுக்கு அடுத்து இருபது இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் துரையிடம் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் தனக்குச் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், வைத்தியப் பள்ளிக்கூடத்தில் அவர் பேச்சு எடுபடும், ஒரு கடிதம் எழுதுகிறேன், வகுப்பில் உனக்கு ஓர் இடம் போட்டுவிடுவார்கள் என்றார். இரண்டு நாளில் யோசித்துச் சொல்லச் சொன்னார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வீட்டில் மனைவி சன்னலடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், அந்த டாக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கீரையை வைத்துவிட்டாள்.

“அவ குறைச்சுக் கேட்டா. நான் ரெண்டு ஆள் பின்னாடிதான் நின்னேன்,” என்றாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கு.”

“ஞாபகம் இருக்குன்னு இத்தன மாசத்துல ஒருநாளும் நீங்க சொல்லலியே.”

துரை எழுதித் தருகிற கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் சன்னலைப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

“எனக்கு இந்த வீடு வேணும்தான். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கடுதாசிய வாங்கிக்கிட்டு நீங்க வந்து, நாளைக்கு அவ மறுபடி உண்டாகி உங்க முன்னாடி வந்து நின்னா, எவ்வளவு ஊத்துவீங்க?”

எனக்குத் தெரியாது. அந்த மேசைக்கு முன்னால் சொன்ன அதே பதில்தான்.

மறுநாள் பொழுது சாய, வேலை விட்டபின் கொழுந்தியாள் காம்பராவுக்குப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியதைச் சுற்றிவளைக்காமல் சொன்னேன். காய்ச்சலாகவும் இருக்கலாம், நடந்ததாகவும் இருக்கலாம், நான் ஊற்றின மருந்தாகவும் இருக்கலாம், எது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கை சுளகில் அப்படியே நின்றது.

“நான் கதிர்காமம் போனதாலதான்னு என்னையே வஞ்சுக்கிட்டுக் கெடக்கேன் மச்சான். வீட்டுக்காரரும் தெனம் அதைச் சொல்லித்தான் வைறாரு. சாமிகிட்டப் போனது தப்பான்னு நெனச்சு நெனச்சு வெளக்குகூட ஏத்தல.”

சுளகைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அதை அவருகிட்டயும் சொல்லுங்க,” என்றாள்.

அவன் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தான். நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். கழுவினதைப் பாதியில் விட்டுவிட்டு லயத்துக்குள் போய்விட்டான். ஒரு வருஷத்துக்குமேல் என்னோடு பேசவில்லை. ஆனால் பெண்சாதியை அந்தப் பேச்சைச் சொல்லி வைவதை அன்றோடு விட்டான். அவள் விளக்கேற்ற ஆரம்பித்தாள் என்று என் மனைவி சொன்னாள்.

துரையிடம் போய், கடிதம் வேண்டாம், அடுத்த வருஷம் மறுபடி எழுதுகிறேன் என்று சொன்னேன். மடையன் என்றார். அது அவர் கோபத்தில் சொன்னது. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குள் எனக்கு ஒன்று விளங்கியிருந்தது. நான் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். ஆளுக்கு ஆள் வேறாக இருக்கவேண்டிய மருந்தை எல்லாருக்கும் ஒன்றாக்கினேன். எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டிய பரீட்சைக்கு மாத்திரம் எனக்கென்று தனியாக ஒரு கடிதம் கொண்டுபோனேன்.

தை பிறந்ததும் பயின்ற ஆள் வந்தார். மாத்தறைக்காரர், சிங்களவர், என்னைவிட இளையவர், தமிழ் கொச்சையாகப் பேசுவார். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனோம். எனக்குக் கொழுந்து நிறுக்கிற வேலை கிடைத்தது. என் மனைவி வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் மழைக்காலம் வந்து காம்பரா புகையால் நிறைந்தபோது, பிள்ளைகள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் கடிதத்தை வாங்கியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய்.

மாத்தறைக்காரர் கோடு போட்ட கண்ணாடிக் குவளை மூன்று கொண்டுவந்திருந்தார். தூளைத் தராசில் நிறுத்துத்தான் கரைப்பார். சாயங்காலத்தில் நான் போய் உட்கார்ந்தால் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பார். என் பழைய கரண்டியை ஒருநாள் அளந்து பார்த்தோம். எவ்வளவு வந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மாத்தறைக்காரர் கரண்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்து வந்த ஆடிக்குப்பின் பெரட்டில் மருந்து ஊற்றும்போது, ஆட்களைத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்று அவர் என்னைக் கூட அழைத்துக்கொண்டார். ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்குக் குறைந்த அளவு, சின்னவர்களுக்கு அதிலும் குறைவு. பிள்ளை உண்டானவர்கள் தனியாகச் சொல்லவேண்டும், அவர்களுக்கு மருந்துக் காம்பராவில் பார்த்துக் கொடுப்பது. நான் பயந்ததுபோலவே சத்தம் வந்தது.

“அரிசியிலதான் எங்களுக்குக் குறைக்கிறாங்க. கசாயத்துலயுமா குறைக்கணும்?” என்றாள் வயதான ஒருத்தி.

“கேளு, நல்லாக் கேளு. பெயிலாப்போன டாக்டரு நிக்கிறாருல்ல, அவரு சொல்லுவாரு,” என்றார் பெரிய கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது உண்மைதான். நான் பெயிலானவன் என்றே தொடங்கினேன். ஏன் பெயிலானேன் என்று அந்தக் கேள்வியை அப்படியே சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. கொழுந்தியாள் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். சின்னக் குவளையைக் காட்டினாள்.

“எனக்கு அதுலயே ஊத்துங்க. போன வருஷமே அதுலதான் கேட்டேன்,” என்றாள். குடித்துவிட்டுக் கொழுந்துக்கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். அதன்பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வயதானவள் மாத்திரம் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டுதான் குடித்தாள்.

கார்த்திகையில் மறுபடி கொழும்பு போனேன். வாசலில் அதே மேசை, அதே சாக்குப் பை. கடிதம் எங்கே என்று கிளார்க்கர் கேட்டார். இல்லை என்றேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு நம்பரைக் கொடுத்தார். வாய்ப் பரீட்சையில் கொயினாக் கேள்வி வரவில்லை. வயிற்றோட்டத்தைப் பற்றியும் புண் கட்டுவதைப் பற்றியும் கேட்டார்கள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். மூன்றாம் நாள் பலகையில் என் நம்பர் இருந்தது, கடைசியிலிருந்து இரண்டாவதாக. அங்கேயே நின்று கதிர்காமத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற பையன்கள் இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

படிப்பு முடிந்து வந்ததும், மாத்தறைக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபின் மருந்துக் காம்பரா மறுபடி எனக்கு வந்தது. சன்னலும் வந்தது. ரயில் பதுளைக்கே வந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பரீட்சை இன்னும் கடினமாகிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். அது போகிற பிள்ளையைச் சோதிப்பதற்கு மாத்திரம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்து, அண்ணாந்து வாயைத் திறந்து நிற்கிறவர்களைப் பார்க்கவேண்டும். நம்பி விழுங்குகிறார்கள். அவர்கள் நம் கடிதத்தை வாசித்துப் பார்த்தா விழுங்குகிறார்கள்?

பித்தளைக் கரண்டியைப் புளி போட்டு விளக்கி மாரியம்மன் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த திருவிழாவில் பானகம் ஊற்றுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெயிலில் வரிசை நீளமாக நின்றது. கொழுந்தியாள் தன் புருஷனோடு வந்தாள். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அவன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். அவள் செம்பை நீட்டினாள்.

“இதையும் குறைச்சு ஊத்தாதீங்க மச்சான்,” என்றாள்.

முழுக் கரண்டி ஊற்றினேன். அவளுக்குப் பின்னால் நின்ற பெரிய கங்காணிக்கும் அதே அளவுதான்.